இன்னாசி முட்டுக் கொடுத்த கோபுரம்

இன்னாசி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம் என்று ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பதுண்டு. கொஞ்ச நாள் பழகியபின் அந்த மீதியையும் தள்ளிவிடுவார்கள். ஆனால் அவர் பேசும்போது பாதியில் எழுந்து போனவர் என்று ஒருவரும் கிடையாது. ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐஸ் கட்டிக்குள் உயிரோடு மாட்டிக்கொண்ட ஒரு சீலா மீன் கொழும்பு வரை ஏற்றுமதியாகி, அங்கே கட்டி உருகியதும் நீந்தித் திரும்பி வந்து, பேக்டரி வாசலில் அவரைப் பார்த்து வாலாட்டியதாகச் சொல்வார். அந்த மீனை என்ன செய்தீர் என்று கேட்டால், நம்பி வந்ததைக் குழம்பு வைக்க மனசு வரவில்லை, பொரித்துத்தான் தின்றோம் என்பார்.

அவர் மனைவி கித்தேரி நேர் எதிர். மீன்காரி ஆசையாக, "நேத்து வாங்குன மீனு எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டால், "முள்ளுதான் அதிகம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வாரம் தவறாமல் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். அங்கே என்னத்தைச் சொல்வதென்று தெரியாமல் புருஷனின் புளுகுகளைத்தான் தன் கணக்கில் சொல்லிவிட்டு வருகிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டு பேரும் லிஸ்பன் போய் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் ஜெனோவா அங்கே நர்ஸாக இருக்கிறாள். அந்த மாதம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டு முறை. அன்பியம் என்றால் தெருவில் இருக்கிற கோயில் குடும்பங்கள் எல்லாம் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லிவிட்டுச் சுண்டல் தின்பது. சில வீடுகளில் சுண்டல் நன்றாக இருப்பதால் அங்கே ஜெபமாலை கொஞ்சம் வேகமாக முடியும்.

இந்தத் தடவை ஜெபம் போக இன்னொரு காரியமும் இருந்தது. கோயில் திருவிழா மேடையில் ஒவ்வொரு அன்பியமும் ஏதாவது செய்ய வேண்டும். போன வருடம் இவர்கள் போட்ட நாடகத்தில் வானத்திலிருந்து இறங்கிய சம்மனசின் இறக்கை கழன்று ஏரோது ராஜாவின் தலையில் விழுந்து, ராஜா மேடையிலேயே கெட்ட வார்த்தை பேசிவிட்டார். அதனால், இந்த வருடம் நாடகமே வேண்டாம், லிஸ்பன் போய் அரண்மனையும் பெரிய கோயிலும் பார்த்து வந்த கதையை யாராவது ஒருத்தர் பேசினால் போதும் என்று கோயில் பாதிரியாரான பங்குச்சாமி சொல்லிவிட்டார். பேசப்போவது யார் என்று இன்றைக்கே அவருக்குத் தெரிய வேண்டும்.

யாராவது ஒருத்தர் என்றாலும் எல்லார் மனசிலும் இன்னாசிதான். கித்தேரியை யாரும் நினைக்கவே இல்லை. ஆனால் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. லேசுப்பட்ட ஆசை இல்லை, தொண்டைவரை வந்து நிற்கிற ஆசை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஆரம்பித்த எந்தக் கதையையும் அவள் முடித்ததில்லை. "அன்னைக்கு ஏரல் சந்தையில..." என்று வாயெடுத்தால் போதும், இன்னாசி சந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அவள் கத்தரிக்காய் வாங்கியது கடைசிவரை வராது.

இதிலாவது தன் வாயால் பேச வேண்டும் என்று அவள் நினைத்ததற்கு ஒரு நியாயமும் இருந்தது. அரண்மனைக்குள்ளும் பெரிய கோயிலுக்குள்ளும் போனவள் அவள் மட்டும்தான். கூட்டத்தில் நெரிபட வேண்டாம் என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனியாக ஒரு கைடு ஏற்பாடு செய்துவிட்டு ஜெனோவா டியூட்டிக்குப் போய்விட்டாள். அரண்மனைப் படியில் ஏறும்போதே இன்னாசிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுப் பையோடு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தவர்தான். பெரிய கோயிலுக்குப் போனபோதும் அதே கதை. கித்தேரி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்ல, வாழைப்பழத்தைக் கையில் உரித்து வைத்துக்கொண்டு தின்ன மறந்து கேட்டார். தன் பேச்சை அவர் குறுக்கே வராமல் கேட்டது அந்த ஒருநாள்தான் என்பதால் கித்தேரிக்கு அந்த மரத்தடியே அரண்மனையாக இருந்தது.

ஜெபம் முடிந்தது. கித்தேரி சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்பியப் பொறுப்பாளர் அமலி கையில் போனை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எப்படி இருந்துச்சு லிஸ்பன்? சுருக்கமா சொல்லுங்க. சாமிக்கு மெசேஜ் போடணும்."

"சுருக்கமாவா?" இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏம்மா, அந்த அரண்மனையைச் சுருக்குனாலே நம்ம ஜில்லா அளவுக்கு வரும்லா. மொதல்ல கைடைச் சொல்லுதேன். மத்தவனுக்கெல்லாம் அம்பது பேருக்கு ஒரு கைடு. எங்களுக்குத் தனி கைடு. ஏழடி ஆளு. மீசையைச் சுருட்டிக் காதுல மாட்டிருக்கான். ஒரு பக்கத்து மீசையில கொடையத் தொங்க விட்டிருக்கான்."

உண்மையில் வந்தது கித்தேரியின் தோள் உயரம்கூட இல்லாத ஒரு சின்னப் பெண். மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக, கான்வாஸ் ஷூவோடு. கித்தேரி அடுத்த கிண்ணத்தை நீட்டினாள்.

"ஏழடின்னு அளந்து பாத்தீரா வே?" என்றார் தொம்மை. படகு எஞ்சின் மெக்கானிக். இன்னாசிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, எதிராளி, எல்லாம்.

"எதுக்கு அளக்கணும்? என்னைவிட ஒன்றரை அடி கூட."

"நீரே அஞ்சடிதான வே."

"அன்னைக்கு ஷூ போட்டிருந்தேன்," என்றார் இன்னாசி. "பேரைப் பாரு, தொம்மை. அந்தப் பேருள்ள அப்போஸ்தலரே, உயிர்த்தெழுந்து வந்த ஆண்டவரைத் தொட்டுப் பாத்துதான் நம்புனாரு. இவரு என்னையா நம்பப் போறாரு? நீ கேளு பிரகாசி."

பிரகாசி எதிர்வீட்டுக்காரி. யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். கன்னத்தில் கைவைத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையில வாசல்ல நொழைஞ்சோம் பாத்துக்கோ. கூடத்துக்குப் போய்ச் சேரதுக்குள்ள மத்தியானம் ஆயிட்டு. கூடத்துக்கும் சாப்பாட்டு ரூமுக்கும் நடுவுல டவுன் பஸ் விட்டிருக்கான். அந்தக் காலத்துல பஸ் கெடையாதுல்லா? ராஜாவுக்கு அடுப்படியில இருந்து ரசம் குதிரையில வரும். மொதக் குதிரை களைச்சிப் போனா, நடுவழியில வேற குதிரை மாத்துவாக. அப்படியும் ரசம் ஆறிப்போயிரும். அந்த வம்சத்துல ஒரு ராஜாகூடச் சுடச்சுட ரசம் குடிக்காமத்தான் செத்துப்போனாக."

"ஆத்தாடி, பாவம்," என்றாள் பிரகாசி. உண்மையிலேயே அவளுக்கு வருத்தமாக இருந்தது.

"லிஸ்பன்ல ஏதுவே ரசம்?" என்றார் தொம்மை.

"இப்ப இல்ல. ஆறிப்போகுதுன்னு விட்டுட்டான்."

ராஜாவின் கட்டிலுக்கு வந்தார். அவ்வளவு அகலமான கட்டில். இந்த ஓரத்தில் ராஜா தும்மினால், அந்த ஓரத்தில் ராணி "சேசுவே ரட்சியும்" என்று மறுநாள் காலையில்தான் சொல்வாளாம். ராஜாவும் ராணியும் கோபித்துக்கொண்டால் யாரும் வேறு அறைக்குப் போக வேண்டியதில்லை, புரண்டு படுத்தாலே பக்கத்து நாட்டு எல்லை வந்துவிடுமாம். கட்டில் பெரிதாக இருந்தது, நம் வீட்டு அறைக்குள் நுழையாது என்று கித்தேரி மரத்தடியில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் ஒரு விதையைக் கொடுத்தால் இந்த மனுஷன் தோப்பே போட்டுவிடுகிறார். எரிச்சலோடு எரிச்சலாக அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"அடுத்தாப்புல கண்ணாடி ரூமு. செவுரு பூராம் கண்ணாடி. எப்பேர்ப்பட்ட பழைய கண்ணாடி தெரியுமா? முன்னால போயி நிக்கேன், என் மூஞ்சி தெரியல. வேற எவனோ தொப்பி போட்ட கெழவன் தெரியுதான். கைடைக் கேட்டேன். 'சார், கண்ணாடிக்கு வயசாயிட்டு, வேலை மெதுவாத்தான் நடக்கும். இப்பதான் போன வருசம் வந்தவுகளைக் காட்டிக்கிட்டிருக்கு'ன்னான். நான் போட்டிருந்தது அந்த ஊதாச் சட்டை. அடுத்த வருசம் இந்நேரம் லிஸ்பன் போறவுக யாராச்சும் அந்தக் கண்ணாடியப் பாருங்க. நான் நிப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அமலிகூட போனைக் கீழே வைத்துவிட்டாள். கித்தேரிக்கு மட்டும் சுருக்கென்றது. கண்ணாடி பழசாகி மங்கிப்போயிருந்தது, என் மூஞ்சியே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அவள் சொன்னதுதான் அது. இப்போது அந்தக் கண்ணாடியில் நிற்பது ஊதாச் சட்டைக்காரர். அவளுக்கு இதில் இடமே இல்லை.

"அரண்மனை கெடக்கட்டும் வே, கோயிலைச் சொல்லும்," என்றார் தொம்மை. நம்ப மாட்டாரே தவிர, கேட்காமல் இருக்க அவராலும் முடியாது.

"கோயிலா? கழுத்தை நிமித்திப் பாக்கக்கூடாது வே அதை. தரையில மல்லாக்கப் படுத்துதான் பாக்கணும். அதுக்குன்னே பாய் தாராக. மேல மணியடிச்சா சத்தம் எறங்கி வந்து சேர மூணு நாளு. ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு வியாழக்கெழமையே அடிச்சிரணும். கோயிலுக்குள்ள புறா இருக்கு. கீழ முட்டையில இருந்து வெளிய வந்தது, மேல கூரையைப் போய்த் தொடுததுக்குள்ள பேரன் பேத்தி எடுத்துரும். மேல இருக்க புறாவும் கீழ இருக்க புறாவும் சொந்தக்காரங்க, ஆனா ஒண்ணை ஒண்ணு பாத்ததே இல்ல."

"அங்க இருக்க நம்ம ஜெனோவாவும் இங்க கெடக்க நாங்களும் மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் பிரகாசி.

இன்னாசி தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அங்க நின்னு நான் ஒரு மாதா பாட்டை எடுத்துவிட்டேன். போன குரலு திரும்பி வருது, என்னைவிட நல்லாப் பாடிக்கிட்டு! நான் ஒரு அடி பாடுனா அது ரெண்டு அடி பாடுது. மேற்றிராணியாரு, அதான் அந்தூரு பிஷப்பு, சாப்பிட்ட கையோட ஓடி வந்துட்டாரு. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'நீங்க இங்கயே இருந்துருங்க, பாட்டுக் குழுவைப் பாத்துக்கோங்க'ன்னு கெஞ்சுதாரு."

"இருந்திருக்கலாம்ல வே? எங்களுக்கும் நிம்மதி."

"வீட்டுல கோழி கெடக்குன்னு சொல்லிட்டேன்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். குரல் தாழ்ந்தால் பெரிசாக ஒன்று வருகிறது என்று தெருவுக்கே தெரியும்.

"இதை வெளிய சொல்லக்கூடாதுன்னு அந்தூர்ல கேட்டுக்கிட்டாக. நீங்க நம்மாளுகங்கறதால சொல்லுதேன். மேற்றிராணியாருகிட்ட பேசிட்டே இருக்கேன், சடசடன்னு ஒரு சத்தம். பாத்தா, கோபுரம் சாயுது. கைடு ஓடிட்டான். மேற்றிராணியாரு அங்கியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு ஓடிட்டாரு. உள்ள கல்யாணப் பூசை நடக்கு, பொண்ணு மாப்பிள்ளை மண்டி போட்டிருக்கு. நான் என்ன செய்ய? தோளைக் கொடுத்து, முழங்காலை இப்படி ஊனி முட்டுக் கொடுத்தேன். கொத்தனாரு வந்து சாந்து பூசி, அது காய்ஞ்சி கையெடுத்துக்கிடலாம்னு சொல்ற வரைக்கும் நின்னேன். பொண்ணு மாப்பிள்ளை வெளிய வரும்போது கையில ஒரு கொழந்தை. அன்னைக்குப் போனதுதான் இந்த முழங்காலு."

சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். பிரகாசி அந்த முழங்காலை மரியாதையோடு பார்த்தாள்.

தொம்மையால் பொறுக்க முடியவில்லை. "வே! நீரு பேக்டரியில வழுக்கி விழுந்து போன முழங்காலு அது! நாந்தான்வே உம்மைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்!"

"அது வேற முழங்காலு."

"மொத்தம் எத்தனை முழங்கால்வே உமக்கு?"

வீடே குலுங்கியது. சிரித்து முடித்த அமலி போனை எடுத்தாள். "சரி, அண்ணாச்சி பேரையே அனுப்பிருதேன்."

"நில்லும்மா," என்றார் தொம்மை. "மேடையில சாமி முன்னால பேசுத காரியம். ஒரு சொல்லாவது நெசம் இருக்காண்டாமா? மயினி கூடத்தான போயிருந்தாக. அவுக பொய் சொல்ல மாட்டாக. மயினி, நீங்க சொல்லுங்க. இவரு கோயிலுக்குள்ள போனாரா?"

எல்லாரும் திரும்பினார்கள். கித்தேரி டீத் தட்டோடு நின்றாள். இன்னாசி அவளைப் பார்த்தார். பேக்டரியில் மேனேஜர் முன்னால் நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடை அவளுக்குத்தான். ஆனால் அந்த மனுஷன் அப்புறம் இந்தத் தெருவில் எப்படி வாயைத் திறப்பார்? வாயில்லாத இன்னாசியை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள்?

"இவுக பாத்ததை இவுக சொன்னாக," என்றாள். "நான் பாத்ததை நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்லுதேன், அதாவது..." என்று இன்னாசி ஆரம்பித்தார்.

"நீங்க டீயக் குடிங்க."

இன்னாசி குடித்தார். கித்தேரி தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கைடு இங்கிலீஷ்லதான் பேசிச்சு. எனக்குப் புரியல. 'வெளங்கலை தாயி'ன்னேன். அதுக்கும் வெளங்கல. பெறவு இங்கிலீஷை விட்டுட்டுத் தன் சொந்த பாசையில ஒண்ணொண்ணாத் தொட்டுக் காட்ட ஆரம்பிச்சிது. ராஜா சாப்பிடுத எடத்துல கைய வச்சி, 'மேசா'ன்னிச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 'மேசையா?'ங்கேன். 'மேசா, மேசா'ங்குது. வெளிச்சம் வார பக்கம் காட்டி, 'ஜனேலா'ன்னிச்சு. நான் 'சன்னல்'னேன். அது என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்குதேன். துணி வைக்கிற பெட்டகத்தைக் காட்டி 'அர்மாரியு'ங்குது. நம்ம அலமாரி! அதுல மாட்டியிருந்ததை உருவிக் காட்டி 'ஷாவ்'ங்குது. சாவி! கை தொடைக்கிறது 'துவாலியா'. துவாலை! தன் சட்டைப் பொத்தான்ல கைய வச்சி 'பொத்தாவ்'ன்னிச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பெறவு ரெண்டு பேரும் சின்னப் புள்ளைக மாதிரி ராஜா வீடு பூராம் ஓடி ஓடித் தொட்டோம். வெளிய வரும்போது அது என்னைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு விடல. அந்தக் காலத்துல அவுக கப்பல்ல நம்ம கரைக்கு வந்தப்போ சாமானோட சேத்து சாமான் பேரையும் எறக்கிட்டுப் போயிட்டாகன்னு ராத்திரி ஜெனோவாதான் சொன்னா."

கித்தேரிக்கு மூச்சு வாங்கியது. ஆரம்பித்த கதையை முதல்முறையாக முடித்திருந்தாள்.

"சன்னல் நம்ம வார்த்தைல்லா மயினி?" என்றார் தொம்மை மெதுவாக. "எங்க தாத்தா காலத்துல இருந்து சன்னல்னுதான சொல்லுதோம்."

"அவுக தாத்தாவும் அப்படித்தான சொல்லிருக்காரு," என்றாள் கித்தேரி.

"கித்தேரி அக்கா பொய் சொல்ல மாட்டாகளே," என்று அமலி இழுத்தாள். தொம்மை தலையைச் சொறிந்தார். சன்னலைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். நம்பிக்கை அவர் முகத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்ததைக் கித்தேரி பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது இன்னாசி எழுந்தார். மரத்தடியில் கேட்ட கதைகளில் இந்த ஒன்றை மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூட்டிச் சொல்ல அதில் அவருக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. அவ்வளவு நல்ல கதையைப் பெண்டாட்டி தடுமாறாமல் சொல்லி முடித்ததில் அவருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. நெஞ்சில் கைவைத்து, மாதா படத்தைப் பார்த்து, கண் கலங்க, பிறந்ததிலிருந்து பேசாத குரலில் பேசினார்.

"சத்தியமாச் சொல்லுதேன். அவ சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை."

அவ்வளவுதான். தொம்மைதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அமலி. சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டினார்கள்.

"நம்ப ஆரம்பிச்சிருந்தேன்வே," என்றார் தொம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீரு சத்தியம் பண்ணிக் கெடுத்துட்டீரே!"

"கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்ததைக்கூட நான் நம்பிட்டேன்," என்றாள் பிரகாசி வருத்தமாக. "இதுதான் கொஞ்சம் ஓவரா இருக்கு."

"உண்மைம்மா! உண்மைங்கேன்லா!" என்று இன்னாசி கத்தினார். அவர் கத்தக் கத்த, சிரிப்பு கூடியது. உண்மையைச் சொல்லி ஒருத்தரும் நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்று இத்தனை வயசுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. திகைத்துப்போய்க் கித்தேரியைப் பார்த்தார்.

அமலி போனில் பேரைத் தட்டினாள். "சாமிக்கு அனுப்பிட்டேன். மேடைக்குக் கித்தேரி அக்காதான். அண்ணாச்சியைத் தூக்கிச் சாப்பிட்டுட்டாக. இந்தச் சன்னல் கதைக்கு ஊரே கை தட்டும்."

கேட்ட மேடை கித்தேரிக்குக் கிடைத்துவிட்டது. கேட்காத புளுகுணிப் பேரும் கூடவே கிடைத்துவிட்டது. கோபப்படலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தால் கோபம் வரவில்லை. காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"பேசுதேன்," என்றாள். "ஆனா அமலி, சாமிகிட்ட இதையும் சேத்துச் சொல்லிரு. இவுக முன் வரிசையில உக்காரட்டும், கை தட்டட்டும், விசிலடிச்சாலும் அடிக்கட்டும். உண்மைன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிரக் கூடாது."